மெதுவானவர் முன்னே

ஒரு கூட்டத்தில் மிக மெதுவாகப் போகிறவரை மற்றவர்கள் சுமக்கிறார்களா, இல்லை அவர்தான் மற்றவர்களைச் சுமக்கிறாரா? பார்ப்லா தூச் என்பவளைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி ஒருமுறையாவது வந்திருக்கும். அவளுக்கு வந்ததாகத் தெரியவில்லை. அவளுக்கு முடிவெட்டும் வேலை இருந்தது.

இன் என்கிற ஆற்றின் கரையில், பிராதா கிராமத்தில், ரயில் நிலையத்துக்கும் ரொட்டிக் கடைக்கும் நடுவே இரண்டு நாற்காலி போட்ட சலூன் அவளுடையது. அந்தப் பள்ளத்தாக்கில் பாதிரியார் முதல் பால் கறக்கிறவன் வரை எல்லோரும் எல்லோரையும் ‘நீ’ என்றுதான் பேசுவார்கள். பார்ப்லா பேச்சோடு நிற்கமாட்டாள். தாடையைப் பிடித்துத் தலையைத் திருப்பியும் விடுவாள். “அசையாதே. காது உனக்கு வேணுமா வேண்டாமா?” நன்றாக வெட்டுவாள் என்று சொல்ல முடியாது. ஊர்த் தலைகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். ஆனால் அவள் நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் வீட்டில் சொல்லாததைச் சொல்லிவிட்டு எழுந்து போனார்கள். அது அவளுடைய திறமையா, கண்ணாடியின் வேலையா என்று யாரும் ஆராயவில்லை.

கணவன் யாஹென் ரயில்வேயில் இருந்தான். “சக்கரம்னா தண்டவாளத்து மேல இருக்கணும்” என்பது அவன் கொள்கை. அதனால் பார்ப்லா சைக்கிள் குழுவில் சேர்ந்தபோது அவன் தடுக்கவுமில்லை, கூடப் போகவுமில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை வேனை எடுத்துக்கொண்டு சாலை வழியாகச் சுற்றிப்போய், எல்லைக்கு அந்தப் பக்கத்து இத்தாலிய ஊரில், ஒரு பை நிறைய உலர்ந்த காலுறைகளோடு காத்திருப்பான். அவ்வளவுதான்.

குழு என்பது ஏழு பேர். ஆகஸ்டு கடைசியில், வைக்கோல் வயலிலிருந்து கொட்டிலுக்குள் வந்த பிறகு, கொச்னா கணவாயைச் சைக்கிளில் தாண்டுவார்கள். முதலில் காட்டுப் பாதை, லார்ச் மரங்கள் முடிகிற இடம்வரை. பிறகு மேய்ச்சல் வெளி, அங்கே கோடையில் மட்டும் ஆளிருக்கும் பால்கட்டிக் கொட்டகை. அதற்கு மேல் ஒற்றையடிப் பாதை. அதற்கும் மேல் பாதையே கிடையாது, உருளும் கற்கள்தான். அங்கே சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். உச்சியைத் தொட்டு இறங்கினால் எல்லாம் முடிந்தது என்று புதிதாய் வருகிறவர்கள் நினைப்பார்கள். இறக்கத்தின் அடியில் இன்னொரு ஏற்றம் ஒளிந்திருக்கிறது. மலைக்கு அப்படி ஒரு குசும்பு.

பார்ப்லா இதில் சேர்ந்தது டுமெங்கின் தலை வழியாக. டுமெங் தச்சன், குழுவின் தலைவன், நறுக்கென்று பேசுகிறவன். முடிவெட்ட உட்கார்ந்தவன் அந்த வருஷப் பயணத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான்.

“நானும் வர்றேன்” என்றாள் பார்ப்லா.

டுமெங் கண்ணாடியில் அவளைப் பார்த்துச் சிரித்தான். “எங்க கூட உன்னால ஓட்ட முடியுமா?”

“கத்தி உன் காதுகிட்ட இருக்கு. யோசிச்சுச் சொல்லு.”

“வா வா. தாராளமா வா.”

அந்த முதல் வருஷம் அவளால் ஓட்ட முடியவில்லை என்பதுதான் உண்மை. ஆறு பேர் கணவாயின் உச்சியில், வியர்த்த உடம்போடு, காற்றில் நின்று அவளுக்காகக் காத்திருந்தார்கள். முகம் பீட்ரூட் மாதிரி சிவந்து, ஒரு வழியாக மேலே வந்து சேர்ந்தவள், “அட, எல்லாரும் இங்கேயா இருக்கீங்க? நான் இத்தாலிக்கே போயிட்டீங்கன்னு நினைச்சேன்” என்றாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. டுமெங்குக்குத்தான் குளிர் ஏறிக் காய்ச்சல் வந்து, பட்டறையை மூடிவிட்டுப் படுத்துக் கிடந்தான். படுக்கையில் அவனுக்குத் தன் அப்பாவின் வழக்கம் நினைவுக்கு வந்தது. அப்பா மலை வழிகாட்டி. கயிற்றில் ஆட்களைக் கட்டும்போது மெதுவாக நடப்பவரைத்தான் முன்னால் விடுவார்.

“இனிமே மெதுவானவங்க முன்னால” என்று அடுத்த வருஷம் அறிவித்தான். “யாரும் தாண்டக் கூடாது.”

மெதுவானவர் யார் என்று யாரும் கேட்கவில்லை. பார்ப்லா முன்னால் போனாள். அதற்குப் பிறகு இருபது வருஷத்துக்கும் மேல் அவளே போனாள்.

முதலில் வேகக்காரர்கள் பல்லைக் கடித்துக்கொண்டார்கள். பிறகு ஒரு விசித்திரம் நடந்தது. அவளுடைய வேகத்தில் போனால் மூச்சு மிஞ்சியது. மிஞ்சிய மூச்சில் பேச முடிந்தது. ஒருவர் முன்னேறி வந்து அவள் பக்கத்தில் கொஞ்ச தூரம் ஓட்டுவார், பேசுவார், பின்தங்குவார்; அடுத்தவர் வருவார். சலூன் நாற்காலி மலையேறி வந்த மாதிரி. பண்ணை வைத்திருக்கும் டூரி, தன் மகனோடு பேச்சு நின்றுபோன கதையை முதன்முதலில் சொன்னது அந்தக் காட்டுப் பாதையில்தான். மழைக்கு முன்பே கணவாயைத் தாண்டிவிடுவதும் அந்த வருஷங்களிலிருந்துதான் வழக்கமானது. மெதுவாகப் போய் எப்படிச் சீக்கிரம் சேர்கிறோம் என்று டூரிக்கு விளங்கவே இல்லை.

அவளுக்கு நேர் பின்னால் எப்போதும் லினார்ட் வருவான். ஊராட்சி அலுவலகத்தில் செயலர். குழுவில் அதிக விலையுள்ள சைக்கிள் அவனுடையது. சட்டையும் காலுறையும் ஒரே நிறத்தில் இருக்கும். மாலையில் இத்தாலிய ஊரில் ஐஸ்கிரீம் தின்னும்போது அவன் வருஷா வருஷம் ஒரே வசனத்தைச் சொல்வான்: “பார்ப்லாவுக்காக அடக்கி வாசிச்சேன்.” கிளம்பும்போது சொல்ல இன்னொன்று வைத்திருந்தான்: “பார்ப்லா, காலண்டர் எடுத்துக்கிட்டியா? எந்த மாசம் போய்ச் சேருவோம்னு பார்க்கணும்ல.” பார்ப்லாவும் சளைத்தவளில்லை. “உன் தலையில மிச்சமிருக்கிற முடியை எண்ணிக்கிட்டே வா. அதுக்குள்ள வந்துடும்.”

போன குளிர்காலத்தில் அவளுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. மருத்துவர் ஒளிவு மறைவில்லாமல் சொன்னார்: “மலையேறணும்னா பாட்டரி வச்ச சைக்கிள்ல ஏறு. இல்லேன்னா கீழேயிருந்தே பார்த்து ரசி.” மகள் உடனே ஒன்றை வாங்கி அனுப்பிவிட்டாள். கன்றுக்குட்டி கனம் கனத்தது. பார்ப்லா அதைக் கொட்டிலில் நிறுத்தி, படுக்கை விரிப்பால் போர்த்தி வைத்தாள்.

“செத்தவனை மூடின மாதிரி மூடியிருக்கியே” என்றான் யாஹென். “உயிரோட இருக்கிறது அது ஒண்ணுதான் இந்த வீட்டுல.”

மே மாதம், விடுதியின் மூலை மேசையில் குழு கூடியது. பார்ப்லா சுற்றி வளைக்கவில்லை. முழங்கால் இப்படி, சைக்கிள் இப்படி, உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டாள்.

“பாட்டரி வச்சா அது சைக்கிளே இல்ல” என்றான் டூரி. “அப்ப நான் டிராக்டர்ல வர்றேன்.”

லினார்ட் எழுந்து நின்றான். ஊராட்சிக் கூட்டங்களில் பேசிப் பழகிய குரல். “இதுல யோசிக்க என்ன இருக்கு? மலையேறும்போது பிரேக் பிடிச்ச ஒரே ஆள் இந்தப் பள்ளத்தாக்குல நான்தான். அவ பின்னாடி போயிப் போயி என் பிரேக் கட்டையெல்லாம் தேஞ்சு போச்சு. அவளுக்கு மோட்டார் வரட்டும். நாமளும் ஒரு தடவையாவது நம்ம கால் போற வேகத்துல போவோம்!”

சிரிப்பு எழுந்தது, கைகள் எழுந்தன. டூரியின் கைகூட, பீர்க் குவளையோடு, பாதி எழுந்தது. தன் குழியைத் தானே வெட்டிக்கொள்கிற மனிதன் இவ்வளவு உற்சாகமாக மண்ணை அள்ளிப் போட்டதை அந்த மேசை அதற்கு முன் பார்த்ததில்லை. ஆனால் அன்று அது யாருக்கும் தெரியாது. லினார்ட்டுக்கே தெரியாது.

மறுத்துவிடுவார்களோ என்று பயந்துகொண்டு போனவள் பார்ப்லா. ஒருவரும் மறுக்கவில்லை. வீட்டுக்கு நடந்து வரும்போது அதுவே நெஞ்சில் முள்ளாக உறுத்தியது. முன்னால் போவதற்கு அவளிடம் இருந்த தகுதி ஒன்றே ஒன்றுதான். அது இனி இல்லை. கணவாயைத் தாண்டுவது இனி சுலபம். அந்த ஏழு பேரில் தான் யார் என்பதுதான் சந்தேகம். வேனில் ஏற்றிக்கொண்டு போகிற மூட்டையும் கணவாயைத் தாண்டத்தான் செய்யும். கோடை முழுக்க, யார் தலையைப் பிடித்திருந்தாலும், இந்த எண்ணம் அவள் கையில் ஒட்டிக்கொண்டிருந்தது. சில தலைகளில் அது தெரிந்தது.

புறப்பட்ட நாள் விடியலில் வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. மதியத்துக்கு மேல் தெற்கிலிருந்து இடி வரும் என்று வானொலியில் சொல்லியிருந்தார்கள். டுமெங் எல்லோருடைய டயரையும் அமுக்கிப் பார்த்தான்.

“பார்ப்லா பின்னால. மத்தவங்க…” என்று சொல்லி நிறுத்தினான். இந்த இடத்தில் அவன் இதற்கு முன் நிறுத்தியதில்லை. “மத்தவங்க பார்த்துப் போங்க.”

செரைனா அம்பு மாதிரி பாய்ந்தாள். அவள்தான் குழுவில் இளையவள். ஊர் ஊராகப் போய்க் கை கால் பிடிப்புக்கு உடற்பயிற்சி சொல்லித்தருகிறவள். அவள் பின்னால் டுமெங், டூரி, மற்ற இருவர். லினார்ட்டும் பெடலில் எழுந்து நின்று மிதித்துக்கொண்டு போனான். “கடைசியா! விடுதலை!”

பார்ப்லா பொத்தானை ஒருமுறை அழுத்தினாள். முதுகில் யாரோ உள்ளங்கையை வைத்துத் தள்ளின மாதிரி இருந்தது. அறுபது வயதில் இப்படி ஒரு கை கிடைத்தால் யாருக்குத்தான் பிடிக்காது. காற்று முகத்தில் அடித்தது. லார்ச் மரங்கள் பின்னால் போயின. வாய்விட்டுச் சிரித்தாள். டூரியை நெருங்கியபோது, “டிராக்டர் வருது, ஓரம் போ!” என்று கத்தினாள். டூரி பதிலுக்கு ஏதோ சொன்னான். பாதி மூச்சு, பாதி வசவு. செரைனாவையே எட்டிப்பிடித்துவிட்டாள்.

“பார்ப்லா! நீயா?”

“நானில்ல, பாட்டரி. உங்கம்மா இடுப்பு வலி எப்படியிருக்கு?”

“அப்… புறம்” என்றாள் செரைனா. கழுத்தில் நரம்பு புடைத்திருந்தது.

பார்ப்லா கொஞ்சம் பின்வாங்கி டூரியோடு சேர்ந்துகொண்டாள். “மகன் வைக்கோலுக்கு வந்தானா?” டூரி கையை மட்டும் ஆட்டினான். வந்தான் என்றா, வரவில்லை என்றா, தொந்தரவு செய்யாதே என்றா, தெரியவில்லை. டுமெங்கின் பக்கத்தில் ஓட்டினாள். அவன் அவளைப் பார்த்துத் தலையசைத்தான். அந்த அசைவுக்கும் அவனிடம் மூச்சில்லை. பேச்சு நிறைய வைத்திருந்தாள், கேட்க ஆளில்லை. ஏழு பேரும் ஏழு தீவாகிவிட்டார்கள். ஒரு வளைவில் இறங்கி நின்றாள். ஒவ்வொருவராகத் தாண்டிப் போனார்கள். அப்போதுதான் ஒன்று உறைத்தது. இத்தனை வருஷத்தில் இவர்கள் எப்படி ஏறுகிறார்கள் என்று அவள் பார்த்ததே இல்லை. செரைனாவின் தோள் இடது பக்கம் சாய்ந்தது. டூரி ஒவ்வொரு மிதிக்கும் உதட்டைக் குவித்தான். முன்னால் போகிறவளுக்கு ஒரு முதுகும் தெரியாது.

ஐந்து முதுகுகள் போய்விட்டன. ஆறாவது வரவில்லை.

சைக்கிளைத் திருப்பிக்கொண்டு இறங்கினாள். இரண்டு வளைவு கீழே, லினார்ட் சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு, குனிந்து, கைபேசியால் ஒரு செடியைப் படமெடுத்துக்கொண்டிருந்தான். 

“பூ நல்லாயிருக்கா?”

“பிரமாதம். இந்த நீலம் கீழே கிடைக்காது.”

“அது நெருஞ்சி மாதிரி முள்ளு, லினார்ட். நீலமும் இல்ல.”

“தூரத்துலேருந்து நீலமாத் தெரிஞ்சுது” என்றான். நிமிர்ந்தபோது முகம் சாம்பல் பூத்திருந்தது. அந்த ஒரே நிறச் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது.

செயினில் சத்தம் வருவதாகச் சொல்லி ஒருமுறை இறங்கினான். ஷூவில் கல் என்று ஒருமுறை. தண்ணீர்க் குப்பி சரியாக மாட்டவில்லை என்று ஒருமுறை. பார்ப்லாவுக்கு இந்தக் கல்லையும் செயினையும் நன்றாகத் தெரியும். முதல் வருஷம் அவளிடமும் இவை இருந்தன. ஆக, இருபது வருஷமாக இவன் எதையும் அடக்கி வாசிக்கவில்லை. இவனுடைய முழு வேகமே அவளுடைய வேகம்தான். அவள் முதுகுக்குப் பின்னால் இருந்ததால் அது அவனுக்கும் தெரியாமல் போயிற்று. அவள் அடிவயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. காலண்டர், முடி, பிரேக் கட்டை எல்லாம் நாக்கு நுனிக்கு வந்து வரிசையில் நின்றன. அவன் முகத்தைப் பார்த்தாள். “தண்ணி குடி” என்றாள்.

குடித்தான். “மோட்டாரை வச்சுக்கிட்டு என் பின்னாடி ஏன் ஊர்ந்துக்கிட்டு வர்ற? முன்னால போ.”

“பின்னாடியிருந்து பார்த்தா எப்படியிருக்கும்னு பார்க்கிறேன். இதுவரைக்கும் பார்த்ததில்லையே.”

“எப்படியிருக்கு?”

“பிடரியில முடி சரியா வெட்டல. என் தப்புதான்.”

கொட்டகையில் மற்றவர்கள் வெகு நேரமாகக் காத்திருந்தார்கள். “பூவைப் படமெடுத்துக்கிட்டிருந்தேன்” என்றான் லினார்ட். பால்கட்டி செய்கிற பெண் கொடுத்த மோரும் தீர்ந்துவிட்டது. வியர்வை ஆறி, ஆளுக்கு ஆள் சிடுசிடுப்பு. செரைனாவுக்குத் தொடையில் பிடிப்பு. டூரி புல்லில் மல்லாந்து கிடந்தான். “எனக்கு இப்ப டிராக்டர்தான் வேணும். கிண்டல் இல்ல.” தெற்கே முகடுகளுக்குப் பின்னால், காலிஃபிளவர் மாதிரி ஒரு வெள்ளை மேகம் தலை நீட்டியிருந்தது.

“வேகமாப் போயி லேட்டானது இன்னைக்குத்தான்” என்றான் டுமெங். கோபம் என்றால் அவன் குரல் தாழும். இப்போது நன்றாகத் தாழ்ந்திருந்தது. “இப்படியே போனா கல்லுக்காட்டுல ஆளுக்கொரு மூலையா இருக்கும்போது இடி விழும். ஒண்ணாப் போறதா இருந்தா போவோம். இல்லேன்னா இப்பவே திரும்புவோம். பழைய வழக்கம்தான். மெதுவானவங்க யாரு? முன்னால வாங்க.”

ஒருவரும் அசையவில்லை. இத்தனை வருஷத்தில் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியிருந்ததில்லை. அதனால் இதற்குப் பதில் சொல்கிற பழக்கமும் யாருக்கும் இல்லை. செரைனா லினார்ட்டைப் பார்க்காமலிருக்க மிகவும் முயன்றாள். லினார்ட் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதில் இப்போது கல் ஏதும் இல்லை. கழுத்திலிருந்து காதுவரை சிவப்பு ஏறிக்கொண்டிருந்தது. 

“நான்தான்” என்றாள் பார்ப்லா.

எல்லோரும் திரும்பினார்கள். அவள் சைக்கிளின் கைப்பிடியில் இருந்த சின்னத் திரை அணைந்து கறுத்திருந்தது.

“பாட்டரி போயிடுச்சு.”

“ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டேன்னு காலையில பெருமையடிச்சியே?” என்றான் டூரி.

“போட்டேன். யாஹென் வந்து விளக்கை அணைக்கிறேன்னு சுவிட்சை அணைச்சிருப்பான். ரயில்வேக்காரன், எதையாவது நிறுத்தினாத்தான் அவனுக்குத் தூக்கம் வரும்.”

டுமெங் அவளுடைய முழங்காலைப் பார்த்தான். “இந்தக் கனத்தை நீ மிதிச்சுடுவியா?”

“முன்னால நீ இதைக் கேட்டப்ப என் கையில கத்தி இருந்துச்சு. இப்ப இல்ல. நடங்க.”

மோட்டார் ஓடாத பாட்டரி சைக்கிளை மிதிப்பது, அடம்பிடிக்கிற கழுதையை மலைமேல் தள்ளுவதற்குச் சமம். சின்ன கியரிலும் அது நகர யோசித்தது. ஒவ்வொரு சுற்றிலும் முழங்காலுக்குள் யாரோ ஆணியைத் திருகினார்கள். பார்ப்லா பத்து மிதி மிதித்து, ஒரு மூச்சு விட்டு, மறுபடி பத்து மிதித்தாள். பின்னால் ஆறு பேரின் சக்கரங்கள் கல்லில் நறநறத்தன, யாரும் தாண்டவில்லை. கொஞ்ச தூரத்தில் டூரி முன்னேறி வந்தான்.

“மகன் வந்தான்” என்றான். “வைக்கோல் எல்லாத்தையும் அவனே ஏத்தினான். ஒரு வார்த்தை பேசல. ஆனா போகும்போது கதவை அறையல.”

“அதுவே பெரிய விஷயம்.”

“அதான் நானும் நினைச்சேன்” என்று சொல்லிவிட்டுப் பின்தங்கினான். செரைனா வந்து அம்மாவின் இடுப்பைப் பற்றிச் சொன்னாள். பின்னால் யாரோ சிரித்தார்கள். லினார்ட் அவள் சக்கரத்துக்குப் பின்னால் ஒரு முழம் இடைவெளியில் வந்துகொண்டிருந்தான். 

பாதை முடிந்து கல்லுக்காடு தொடங்கியது. மற்றவர்கள் சைக்கிளைத் தோளில் ஏற்றிக்கொண்டார்கள். குறுக்குக் குழாய் பிடரியில் அழுத்த, பெடல் முதுகில் இடிக்க, தலை குனிந்து நடக்கும் நடை அது. பார்ப்லாவின் சைக்கிளை ஒரு ஆள் தூக்க முடியாது. லினார்ட் தன்னுடையதைக் கீழே வைத்துவிட்டு, அவளுடையதன் முன்சக்கரப் பக்கம் போய் நின்றான். டுமெங் பின்பக்கம். செரைனாவும் டூரியும் ஆளுக்கொரு பக்கம். நான்கு பேர் தூக்கிக் கொஞ்சம் மேலே வைப்பது, இறங்கி வந்து தங்களுடையதைத் தூக்குவது, மறுபடி அது. கல் காலடியில் நழுவியது. இரண்டடி ஏறினால் ஓரடி இறங்கியது.

“சவ ஊர்வலத்துலகூட இவ்வளவு கனத்தைத் தூக்கினதில்ல” என்றான் டூரி.

“பேச்சைக் குறை. உன் பக்கம் சாயுது” என்றான் டுமெங்.

“பார்ப்லா, நீயும் மேலே ஏறி உட்கார்ந்துக்கோயேன். ஒரேயடியாத் தூக்கிடறோம்.”

உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஆலங்கட்டி பிடித்துக்கொண்டது. பட்டாணி அளவில் தொடங்கித் தலைக்கவசத்தில் தாளம் போட்டது. இடி இன்னும் இரண்டு முகடு தள்ளித்தான் இருந்தது. உச்சியில், எல்லைக் கல்லுக்குப் பக்கத்தில் தொங்கும் பாறைக்கு அடியில் ஏழு பேரும் ஒண்டிக்கொண்டார்கள். பார்ப்லா வால்நட் கேக்கைப் பிரித்தாள். முழங்கால் வீங்கி உருண்டு, கால்சட்டையை இறுக்கிக்கொண்டிருந்தது. ஆனால் தாண்டிவிட்டார்கள், எல்லோரும் ஒன்றாக, இடிக்கு முன்னால்.

டுமெங் அவள் சைக்கிளைப் பாறையில் சாய்த்து வைத்தான். பிடி நழுவியது, கட்டைவிரல் பொத்தானில் பட்டது. திரை பளிச்சென்று எரிந்தது. பச்சைக் கோடுகள் ஏறக்குறைய முழுசாக நின்றன.

டுமெங் அதைப் பார்த்தான். எல்லோரும் பார்த்தார்கள். 

“பார்ப்லா” என்றான் டுமெங். “இது நிறைஞ்சிருக்கு.”

“கேக் வேணாமா உனக்கு?”

“இந்தச் சனியனை நாலு பேரு தூக்கிக்கிட்டு வந்தோம்!” என்றான் டூரி. “என் முதுகு! ஏன்டியம்மா?”

அவள் பதில் சொல்வதற்குள், அல்லது சொல்லாமலிருப்பதற்குள், லினார்ட் எழுந்து நின்றான். பாறை தாழ்வாக இருந்ததால் பாதிதான் நிற்க முடிந்தது. ஊராட்சிக் குரல் அன்று வரவில்லை.

“மெதுவானவன் நான்தான்” என்றான். “கொட்டகையில சொல்லியிருக்கணும். வாய் வரல. அவ பின்னாடி பிரேக் பிடிச்சேன்னு சொன்னது… பிரேக் எல்லாம் பிடிக்கல.”

பிறகு டூரி கேக்கை மென்றுகொண்டே, “அது எங்களுக்குக் காட்டுப் பாதையிலேயே தெரிஞ்சுபோச்சு, லினார்ட்” என்றான். “நீ எடுத்த பூப்படத்தைக் காட்டு.” செரைனாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, அவளைப் பார்த்து டுமெங்குக்கு, கடைசியில் லினார்ட்டுக்கே. கைபேசியை எடுத்து முள்செடியைக் காட்டினான். அது கலங்கலாக வேறு விழுந்திருந்தது.

ஆக, விஷயம் முடிந்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். லினார்ட்டின் மானத்தைக் காப்பாற்றத்தான் பார்ப்லா பொய் சொன்னாள் என்று டுமெங் முடிவு கட்டினான். நல்ல காரியம்தான், ஆனால் முட்டாள்தனம். இனி அதற்கு அவசியமில்லை.

வெயில் திரும்பியது. இறக்கம் முழுக்க ஈரக் கற்கள், சேறு, சறுக்கல். செரைனா ஒருமுறை புல்லில் உருண்டு சிரித்துக்கொண்டே எழுந்தாள். டூரியின் டயர் வெடித்து, ஆளுக்கொரு ஆலோசனை சொல்ல, அவனே ஒட்டினான். ஓடையைத் தாண்டி, ஒளிந்திருக்கும் அந்த இரண்டாவது ஏற்றத்தின் அடிக்கு வந்து நின்றார்கள். நெட்டுக்குத்தாக, நிழலில்லாமல், மலைமுதுகுவரை போகும் கல் பாதை. அதற்கு அந்தப் பக்கம் ஊர், ஐஸ்கிரீம், யாஹென், காலுறைகள்.

“லினார்ட் முன்னால” என்றான் டுமெங். “பார்ப்லா மோட்டாரைப் போட்டுக்கிட்டுக் கடைசியில வரட்டும். அந்த முழங்கால் இன்னொரு ஏற்றத்தைத் தாங்காது.”

லினார்ட் மறுக்கவில்லை. சைக்கிளை உருட்டிக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் போய் நின்றான். வெட்கம் வடிந்த முகம். கொஞ்சம் பெருமைகூட இருந்தது. ஒரு காலைப் பெடலில் வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தான். “கிளம்பலாமா?”

பார்ப்லா கடைசியில் நின்றிருந்தாள். திரையில் பச்சைக் கோடுகள் எரிந்துகொண்டிருந்தன. முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். ஏற்றத்தை அடியிலிருந்து நுனிவரை ஒருமுறை பார்த்தாள். அந்தப் பார்வையை வைத்து அன்றும் பிறகும் பலர் பல கதை சொன்னார்கள். செரைனா ஒன்று சொன்னாள், டூரி ஒன்று, வேனில் காத்திருந்த யாஹென் பார்க்காமலேயே ஒன்று. பார்ப்லா எதற்கும் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பொத்தானை அழுத்தித் திரையை அணைத்தாள். டூரியைத் தாண்டி, செரைனாவைத் தாண்டி, டுமெங்கைத் தாண்டி, கன்றுக்குட்டி கனத்தை உருட்டிக்கொண்டு நடந்தாள். லினார்ட்டின் பக்கத்தில் வந்ததும் அவன் சைக்கிளைக் கொஞ்சம் ஒதுக்கினான். அவள் ஏறி உட்கார்ந்து, சின்ன கியரைப் போட்டு, முன்னால் மிதித்தாள்.